கேட்காமல் விட்ட சன்னல்

அன்புள்ள மகனுக்கு,

நான் சௌக்கியம் என்று எழுதித் தொடங்குவதுதான் என் வழக்கம். இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. உன் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. மூன்று தடவை படித்தேன். தை மாதம் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டிய வேலைகளை ஓவர்சியர் உத்தியோகத்துக்குத் தகுந்தபடி ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதியிருக்கிறாய். வீடு முழுக்க வெள்ளையடிக்க வேண்டும். வாசற்படியில் பெயர்ந்த கல்லை மாற்ற வேண்டும். குளிக்கிற இடத்துக்குத் தகரக் கதவு போட வேண்டும். எல்லாம் சரி. நான்காவதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். "அடுப்படிக்கு ஒரு சன்னல் வச்சிருங்கப்பா. அம்மாதான் இருட்டுக்குள்ளயே இருந்துட்டுப் போயிட்டா. வர்றவளாவது வெளிச்சத்துல நிக்கட்டும்." அதற்குக் கீழே நம்பர் இல்லாமல் ஒன்று: "பின்வீட்டு முதலாளிக்குப் பத்திரிகை வைக்காதீங்க. அம்மாவுக்கு ஒரு சன்னல் வைக்கச் சம்மதிக்காத மனுசன் என் கல்யாணத்துல வந்து உட்காரக் கூடாது. நீங்க வச்சது தெரிஞ்சா நான் நம்ம வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

நீ கோபப்பட வேண்டிய ஆள் அவர் இல்லை. அதைச் சொல்லத்தான் பிரஸ்ஸில் கழித்துப் போட்ட காலண்டர் தாளைக் கொண்டுவந்து, அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்லண்டு லெட்டருக்குள் அடங்குகிற விஷயமாக இருந்திருந்தால் எப்போதோ எழுதித் தொலைத்திருப்பேன். முழுவதையும் படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே. படித்து முடித்த பிறகு யாருக்குப் பத்திரிகை வைக்க வேண்டாம் என்று நீ சொல்கிறாயோ, அப்படியே செய்கிறேன். எனக்கே வைக்க வேண்டாம் என்று தோன்றினாலும் தாராளமாக எழுது.

இந்த வீட்டுக்கு நாம் குடிவந்தது நீ ஒண்ணாங் கிளாசில் சேர்ந்த வருஷம். விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் எனக்குப் போர்மேன் வேலை கொடுத்த கையோடு வாங்கியது. திருத்தங்கலில் சொந்த வீடு என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அவ்வளவு பெருமை. வீட்டின் லட்சணம் உனக்கே தெரியும். வலதுபக்கம் ஒரு வீட்டுச் சுவர், இடதுபக்கம் ஒரு வீட்டுச் சுவர், முன்னால் தெரு. கடைசியில் அடுப்படி. அடுப்படியின் கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் கம்பெனி முதலாளி வீட்டுக் கொல்லை. சன்னல் என்று ஒன்று வைத்தால் அந்தச் சுவரில்தான் வைக்க முடியும். அடுத்தவர் இடத்தைப் பார்த்து, அவர்களைக் கேட்காமல் ஒரு செங்கலைக்கூட எடுக்கக் கூடாது. நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் அது. அதுவும் முதலாளியின் இடமாக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். பால் காய்ச்சிய அன்றைக்கே உன் அம்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "என்னங்க இது, நெல்லுக் குலுக்கைக்குள்ள எறங்குன மாதிரில்ல இருக்கு? எங்க ஆமத்தூர்ல மாட்டுத் தொழுவத்துக்குக்கூட காத்து வரும். மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. ரெண்டு முழத்துக்கு ஒரு சன்னல். அங்கிட்டு எட்டிப் பாக்க முடியாத மாதிரி ஒசக்க வச்சிக்கிடுவோம்." கேட்கிறேன் என்றேன். அந்த நிமிஷம் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதை மட்டும் நம்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டை மாற்றிக்கொண்டு தெருவைச் சுற்றி முதலாளி வீட்டு முன்வாசலுக்குப் போனேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் மைத்துனனுக்கு வேலை கேட்டு வந்தவர். இன்னொருவர் பத்து நாள் லீவு கேட்டு வந்தவர். முதலாளி பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க போர்மேன், உக்காருங்க. பாத்தீகளா? விடிஞ்சா எந்திரிச்சா இதைக் குடு, அதைக் குடுன்னு வந்து நிக்கிறாக. இம்புட்டுப் பேர்ல எங்கிட்ட வாயத் தெறந்து ஒண்ணு கேக்காத ஆளு நீங்க ஒருத்தருதான்." அதற்குப் பிறகு நான் எங்கே வாயைத் திறப்பது? "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன் மொதலாளி" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். உன் அம்மா வாசலிலேயே நின்றாள். "கேட்டீகளா?" என்றாள். "கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னாரு" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது. நாக்குக் கூசவில்லை.

முதலாளி சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு நான் அடிமையாகிவிட்டேன் என்பதுதான் உண்மை. ஆயுத பூஜையன்று கம்பெனியில் எல்லாருக்கும் வேட்டி துண்டு கொடுக்கும்போது என் தோளில் கையைப் போட்டு, "இவரு இன்ன வரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல" என்பார். அத்தனை பேரும் என்னைப் பார்ப்பார்கள். வீடு வந்து சேரும் வரை சைக்கிள் தானாக ஓடும். அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொள்ள என்னவெல்லாம் சாக்குச் சொன்னேன் என்று உனக்கும் ஞாபகம் இருக்கும். தீபாவளி வரைக்கும் பட்டாசு சீசன், லோடு லோடாக ஆர்டர் போகிறது, மூச்சு விட நேரமில்லை. தீபாவளி முடிந்ததும் முதலாளியின் பிரஸ்ஸுக்கு என்னை அனுப்பிவிடுவார், காலண்டர் சீசன். அது தைப் பொங்கலோடு முடிந்தால், மறுபடி கம்பெனியில் வெடிமருந்து வேலை தொடங்கிவிடும். நடுவில் ஐப்பசி, கார்த்திகையில் மழை, சுவரைத் தொடக் கூடாது. பங்குனியில் அம்மன் கோவில் பொங்கல் திருவிழா, வீட்டை இடிக்கக் கூடாது. "சீசன் முடியட்டும்" என்று நான் சொன்னால் உன் அம்மா, "இந்த ஊர்ல சீசன் எப்ப முடிஞ்சிருக்கு, நீங்க சொல்லுங்க" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். நானும் சிரிப்பேன்.

கம்பெனியில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். காலையில் ஆட்கள் உள்ளே நுழைவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒவ்வொரு ரூமாகப் போய்க் கதவுகளைப் பார்க்க வேண்டும். மருந்து புழங்கும் ரூமுக்கு ஒரு வாசல் போதாது. கதவு எல்லாம் வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும். கதவுக்கு முன்னால் ஒரு காலிச் சாக்குக் கிடந்தால்கூட அன்றைக்கு நான் ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்க முடியாது. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், "இந்தக் கம்பெனியில் கதவுகளைப் பற்றிக் கவலையில்லை" என்று சொன்னதை வீட்டில் வந்து எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நான் அதைச் சொல்லும்போதெல்லாம் உன் அம்மா அந்த ஒற்றை வாசல் அடுப்படிக்குள் உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறாள். மழை நாளில் ஈரப் பருத்திமார் விறகு எரியாமல் புகைந்துகொண்டிருக்கும். உள்ளேயிருந்து இருமல் சத்தமும் "உம்" என்ற சத்தமும் மாறி மாறி வரும். நான் முன்னறையில் இருந்துகொண்டு கதவுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன்.

வீட்டு வேலையே செய்யாத ஆளும் இல்லை நான். அப்படியாவது இருந்திருந்தால் சோம்பேறி என்று நீ மன்னித்திருப்பாய். ரேடியோ வாங்கியதும் அதற்குத் தேக்குப் பலகையில் ஸ்டாண்டு செய்தேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. தெருக்கதவுக்குப் பச்சை வர்ணம் அடித்தேன். முன்னறை முழுக்க ஆணி அடித்து வருஷா வருஷம் காலண்டர் மாட்டினேன். வருகிறவர்கள் கண்ணில் படுகிற வேலை எல்லாவற்றையும் செய்தேன். அடுப்படிக்கு யார் வருகிறார்கள்? மேலே மட்டப்பாக் கூரையில் ஒரு ஓட்டை போட்டுப் புகைபோக்கியாவது வையுங்கள் என்று அவள் கேட்டபோது, மழைக்கு ஒழுகும் என்று அதையும் தட்டிவிட்டேன்.

நான்கைந்து வருஷம் ஆயிற்று. தீபாவளி முடிந்து கம்பெனி லீவு விட்ட மறுநாள் உன் அம்மா கேட்பாள்: "திரும்பக் கேட்டீகளா?" ஒரு வருஷம் எனக்குச் சலித்துப்போய், "கேட்டேன், வேண்டாம்னுட்டாரு. பொம்பளைக பொழங்குற எடமாம். இனிமே அந்தப் பேச்ச எடுக்காத" என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது பொய். முதல் பொய்யாவது கெஞ்சிக்கொண்டு வந்தது, இது அதட்டிக்கொண்டு வந்தது. அணா போய் நயா பைசா வந்த வருஷம் அது, உனக்குப் பதினொரு வயது. பக்கத்தில் உட்கார்ந்து ரூல்தடி வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்கி, "ஏம்ப்பா, அவுகளுக்கு என்ன கொறஞ்சு போகுது?" என்று கேட்டாய். உன் மனதில் முதலாளி கெட்டவராகிப் போனது அந்த நிமிஷத்தில்தான். அவரை அப்படி ஆக்கியது நான்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் நான் சொல்லி நீ கேட்டதில்லை. ஒரு புதன்கிழமை நான் கம்பெனிக்குப் போன பிறகு, என் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு அடுப்புக்கு மேலே சுவரை உடைக்க ஆரம்பித்திருக்கிறாய். பென்சிலால் இரண்டு முழத்துக்குச் சதுரம் போட்டு, அதன் நடுவில் ஆரம்பித்திருந்தாய். ஒரு செங்கல் முழுசாக வந்திருந்தது. அதற்குமேல் உன் கைக்கு முடியவில்லை. தேங்காய் அளவுக்கு ஒரு ஓட்டை. சாயங்காலம் வந்து பார்த்தவனுக்கு முதலாளியின் முகம்தான் கண்முன் வந்தது. உன்னை அடித்தேன். கையால் அடித்தேன், அதுவும் போதாதென்று ரூல்தடியால் அடித்தேன். நீ அழவில்லை. "அம்மாவுக்காகத்தான் ஒடச்சேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். உன் அம்மா குறுக்கே வந்து நின்றாள். "அடிக்கிறதுன்னா என்னைய அடிங்க. நாந்தான் உளிய எடுத்துக் குடுத்தேன்." அவள் கொடுத்தாளா, உன்னைக் காப்பாற்றச் சொன்னாளா என்று எனக்கு இன்று வரை தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தால் எழுது.

அந்த ஓட்டை நான்கு நாள் இருந்தது. சனிக்கிழமை காலையில் தூக்குச்சட்டியை எடுக்க அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தேன். கிழக்கு வெயில் ஓட்டை வழியாக வந்து தரையில் ஒரு தட்டு அகலத்துக்கு விழுந்திருந்தது. உன் அம்மா சோற்றைக் கிண்டிவிட்டு அந்த வெயிலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எரிகிற அடுப்பை விட்டுவிட்டு வெயிலில் கை காய்வானேன் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பும் மணலும் குழைத்து, நீ பெயர்த்த செங்கலையே திரும்ப வைத்து, அதை அடைத்தேன். ஒரு மணி நேர வேலை. ஐந்தாறு வருஷமாகச் சன்னல் வைக்க நேரமில்லாதவனுக்கு, அடைக்க மட்டும் ஒரு மணி நேரம் கிடைத்தது. கலவைச் சட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் உன் அம்மாதான். கடைசிக் கரண்டிக்கு முன்னால், "அம்புட்டையும் அடைக்கணுமா? ஒரு கை நொழையுற அளவுக்கு விட்டா என்னங்க?" என்றாள். நான் கடைசிக் கரண்டியையும் அப்பிப் பூசினேன்.

அதற்குப் பிறகும் அவள் கேட்பதை நிறுத்தவில்லை. இனிமேல் அந்தப் பேச்சை எடுக்காதே என்று நான் சொல்லியிருந்தும், தீபாவளி முடிந்த மறுநாள், "இந்த வருசம் ஒருக்கா கேட்டுப் பாக்குறீகளா?" என்பாள். முதலாளி வேண்டாம் என்று சொன்ன பிறகும் இவள் ஏன் நச்சரிக்கிறாள் என்று எரிச்சலாக இருக்கும். நீ பாலிடெக்னிக்கில் சேர்ந்து போன பிறகு இருமல் கூடியது. விருதுநகருக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் ஒரு டாக்டரிடம் காட்டினேன். அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "சிவகாசிப் பக்கமா? எந்தக் கம்பெனியில வேலை பாக்குறீங்க?" என்று அவளைக் கேட்டார். "அடுப்படிக் கம்பெனிதான் டாக்டரய்யா. பதிமூணு வருச சர்வீசு. லீவே கெடையாது" என்றாள். டாக்டர் சிரித்தார், நானும் சிரித்தேன். உனக்குக் கடிதம் எழுதும்போது அதை வேடிக்கையாக எழுதினேன். புகை பட்டுப் பட்டு நெஞ்சு கெட்டிருக்கிறது, புகையில் உட்கார வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை மட்டும் எழுதவில்லை.

அவளுடைய கடைசித் தீபாவளிக்கு மறுநாளும் கேட்டாள். அப்போது படுக்கையும் உட்காருவதுமாக இருந்தாள். அன்றைக்கு எனக்கு என்ன கோபமோ, "ஒனக்கு வேற நெனப்பே கெடையாதா? சன்னல், சன்னல், சன்னல்!" என்று கத்தினேன். "சரிங்க, இனிமே கேக்கல" என்றாள். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. மாசி மாதம் போய்ச் சேர்ந்தாள். கேதத்துக்கு முதலாளி வந்தபோது நீ எழுந்து உள்ளே போய்விட்டாய். துக்கத்தில் போகிறாய் என்று அவர் நினைத்தார். நான் அதைத் திருத்தவில்லை.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை படித்தேன் என்றேன் அல்லவா, செவ்வாய், புதன் இரண்டு நாளும் நீ எழுதியதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கம்பெனிக்குப் போய் வந்தேன். பத்திரிகை வைக்காமல் விட்டுவிடலாம், கேட்டால் பையன் பிடிவாதம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட யோசித்தேன். மூன்றாவது பொய்யும் தயாராகத்தான் இருந்தது. வியாழக்கிழமை காலையில் போனேன். முதலாளி சென்னைக்குப் போயிருந்தார். முதலாளியம்மா வந்து உட்காரச் சொன்னாள். உட்காராமலே கேட்டுவிட்டேன். "பையனுக்குக் கல்யாணம் வருதும்மா. அடுப்படிக்குக் கெழக்க ஒரு சன்னல் வைக்கணும். ஒங்க கொல்லப்பக்கம் பாக்கும். சம்மதம்னா சொல்லுங்க." என் ஐம்பத்தேழு வயதில் அந்த வீட்டில் நான் கேட்ட முதல் காரியம். வேர்த்துவிட்டது.

முதலாளியம்மா என்னையே பார்த்தாள். "இதைக் கேக்கவா அண்ணாச்சி இம்புட்டு வருசம் ஆச்சு?" என்றாள். எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். நீ போட்ட அந்த ஓட்டை வழியாகப் புகை வருவதைப் பார்த்துவிட்டு, கொல்லையில் கருவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தவள் கிட்டே வந்து எட்டிப் பார்த்திருக்கிறாள். உள்ளே உன் அம்மா. ஒரு கை கருவேப்பிலையை ஓட்டை வழியாகக் கொடுத்திருக்கிறாள். "என்னக்கா இம்புட்டுப் பொகையில இருக்கீக, நல்லா பெருசா ஒரு சன்னலா வச்சுக்கிடுங்க, அவுககிட்ட நான் சொல்லிக்கிடுறேன்னு அன்னைக்கே சொன்னேன் அண்ணாச்சி. 'அவுக கேட்டாகளே, மொதலாளி வேண்டாம்னாகளாமே'ன்னு உங்க வீட்டுக்காரி கேட்டாக. அப்படி யாரும் வந்து கேக்கவே இல்லையேன்னேன். கையில இருந்த கருவேப்பிலைய உருவிச் சட்டியில போட்டாக. பெறகு, 'நீங்க ஒண்ணும் சொல்லிராதீகம்மா. அவுகளே வந்து கேப்பாக. அவுக கேட்டே வைக்கட்டும்'னாக. ஞாயித்துக்கெழமை பாத்தா ஓட்டைய அடைச்சிருக்கு. சரி, உங்களுக்கு இஷ்டமில்ல போலன்னு நாங்களும் இருந்துட்டோம்."

அவள் கொடுத்த காப்பியை அன்றைக்கு என்னால் குடிக்க முடியவில்லை. மகனே, உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. நான் சுண்ணாம்பு குழைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை, சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அப்போதே எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் கேட்கவே இல்லை என்று தெரியும். சம்மதம் கிடைத்துவிட்டது என்றும் தெரியும். என் முகத்துக்கு நேரே, "பொய்தானே சொன்னீக?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டிருப்பேன். அவள் கேட்கவில்லை. புருஷன் தலைகுனிந்து வைக்கிற சன்னல் அவளுக்கு வேண்டாம் என்று இருந்திருக்கிறது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு தீபாவளிக்கும் மறுநாள், "இந்த வருசம் ஒருக்கா கேட்டுப் பாக்குறீகளா?" என்று எனக்கு வழி விட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். நச்சரிக்கிறாள் என்று நினைத்தேன். எட்டு ஒன்பது தீபாவளி. கம்பெனியில் கதவுகளை எண்ணிப் பார்க்கிறவனுக்கு, வீட்டில் வருஷா வருஷம் ஒருத்தி திறந்துவைத்த கதவு தெரியவில்லை. கடைசித் தடவை நான் கத்தியபோதுகூட, "சரிங்க" என்றுதானே சொன்னாள்?

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அப்பன் என்று ஒருவன் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. வரப்போகிறவள் உன்னிடம் ஏதாவது கேட்டால், முடியும் என்றால் அந்த வாரமே செய். முடியாது என்றால் முடியாது என்று சொல், சண்டை போடட்டும், இரண்டு நாள் பேசாமல் இருக்கட்டும். நடுவில் நின்றுகொண்டு, கேட்டேன், பார்த்தேன், யோசிக்கிறார்கள் என்று மட்டும் சொல்லாதே. நீ யாரிடமும் எதுவும் கேட்காத ஆள் என்று ஊர் பேசினால் அதில் மயங்கிவிடாதே. அந்தப் பேருக்கான விலையை நான் கொடுக்கவில்லை, உன் அம்மா கொடுத்தாள். இன்னொன்று. என் பொய்யால் பத்துப் பன்னிரண்டு வருஷம் நீ ஒரு மனிதரை வெறுத்துவிட்டாய். அந்த வெறுப்பை அவரிடமிருந்து எடுத்து என்மேல் வைத்துவிடு. அது எனக்கு உரியது.

நேற்று, சனிக்கிழமை, சன்னல் வைத்தாயிற்று. முதலாளியம்மா சம்மதித்த சூட்டோடு கொத்தனாரைக் கூப்பிட்டேன். நீ பதினொரு வயதில் போட்ட அளவுதான், இரண்டு முழம். என் பூச்சு இரண்டு தட்டில் உதிர்ந்துவிட்டது. "யார் பூசுனது இது, பிடிப்பே இல்லையே" என்றார் கொத்தனார். நான்தான் என்றேன். கல் விலகியதும் காலை வெயில் நேராக உள்ளே வந்து எதிர்ச் சுவரில் விழுந்தது. நம் அடுப்படி உள்ளே எப்படி இருக்கும் என்று நேற்றுத்தான் நான் பார்த்தேன். சுவரெல்லாம் கரி, தொட்டால் விரலில் ஒட்டுகிற கரி. எதிர்ச் சுவரில், வாசலை ஒட்டி, தரையிலிருந்து இரண்டரை முழ உயரத்துக்கு ஒரு இடம் மட்டும் கரி இல்லாமல் வெளுத்திருந்தது. கொத்தனாருக்கு அது என்னவென்று தெரியவில்லை. எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து, உலை கொதிக்கும்வரை அவள் சாய்ந்திருந்த இடம். இரண்டு தோளும் முதுகும் அப்படியே தெரிகிறது. இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும் அல்லவா அவளுக்கு, அதுகூடத் தெரிகிறது. பதினைந்து வருஷமாகச் சேலை உரசி உரசித் துடைத்த இடம்.

வெள்ளையடிக்கிறவர்கள் நாளை திங்கட்கிழமை வருகிறார்கள். வீடு முழுக்க அடிக்கச் சொல்லிவிட்டேன், அந்த ஒரு சுவரைத் தவிர. கல்யாண வீட்டில் கரிச் சுவர் இருக்கலாமா என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும். அதை அடிப்பதா விடுவதா என்று நான் முடிவு செய்யக் கூடாது. அந்தச் சுவரில் எனக்கு அந்த உரிமை இல்லை. காலை ஏழு மணிக்கு வெயில் சரியாக அங்கே விழுகிறது. நீ ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுச் சொல். அடிக்கச் சொன்னால் என் கையாலேயே அடித்துவிடுகிறேன்.

நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசை. இதுவரை உன்னிடம்கூட நான் எதையும் கேட்டதில்லை. வாப்பா. கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா